மரம் காணாத விஸ்கி

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. ஆவணியில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் உன் கல்யாணம், அப்பா இல்லாதபடியால் பெரியப்பாவும் பெரியம்மாவும் தாய் தகப்பன் இடத்தில் மணவறையில் நிற்கட்டும், நீங்கள் முன்வரிசையில் இருங்கோ அம்மா என்றாய். அதோடு விட்டிருந்தால் ஒருவேளை ஓம் என்றிருப்பேன். வரவேற்பு மண்டபத்துக்கு வேண்டிய விஸ்கி முழுவதையும் பெரியப்பாவே பொறுப்பெடுத்திருக்கிறார், நாங்கள் ஒன்றுக்கும் யோசிக்கத் தேவையில்லை என்று பெரிய சந்தோஷத்தோடு சொன்னாய். அந்த இடத்தில்தான் கறி அடிப்பிடிக்கிறது என்றேன். நான் அப்படி அவசரமாக வைத்ததால், கைம்பெண் என்று ஒதுக்கியதில் அம்மாவுக்கு மனவருத்தம் என்று நீ நினைத்திருப்பாய். அந்த வருத்தமும் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது சின்ன வருத்தம். என் வாயை அடைத்தது வேறொன்று. அது என்னவென்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அப்போது ஒட்டாவாவில் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை.

நான் எங்கே வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும், என்ன வேலை செய்தேன் என்று சரியாகத் தெரியாது. கேட்கிறவர்களிடம் "அம்மா ஃபாக்டரியிலை" என்று மட்டும் சொல்லுவாய். அந்த விஸ்கித் தொழிற்சாலையில் முதலில் என்னைப் போத்தலுக்கு லேபல் ஒட்டும் வரிசையில்தான் விட்டார்கள். முதல் கிழமை முழுவதும் எனக்கு ஓங்காளம். சாராயக் கடை இருந்த தெருவால் நடக்காமல் சுற்றிப்போகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். வேலை முடிந்து வந்து தலைமுழுகாமல் சாமி விளக்கை ஏற்றமாட்டேன். மாசி மாதக் குளிரில் ஈரத்தலையோடு நிற்கிறேன் என்று உன் அப்பா ஏசுவார். அந்த மணம் சேலையில், தலைமயிரில், கடித்துச் சாப்பிடுகிற பாணில்கூட ஏறியிருப்பதுபோல் ஒரு அரியண்டம்.

அங்கே லீஸ் என்று ஒருத்தி இருந்தாள். இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரி, பீப்பாய்ப் பகுதிக்கு மேற்பார்வை. வரிசையில் வந்த போத்தல்களில் நனைந்த மட்டைப்பெட்டியின் மணம் வருகிறது என்று ஒருமுறை நான் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது லீஸ் காதில் விழுந்துவிட்டது. தேடிப் பார்த்தபோது பீப்பாய் ஒன்று பூஞ்சணம் பிடித்திருந்தது. என்னைத் தன் பகுதிக்கு எடுத்துக்கொண்டாள். "நீ குடிக்கிறதில்லையாமே? நல்லது, மூக்குக் கெட்டுப்போகாது" என்றாள். அதன் பிறகு என் வேலை, வெறும் பீப்பாய்களின் வாயில் மூக்கை வைத்து, இதற்குள் விஸ்கி ஊற்றலாமா கூடாதா என்று சொல்வது. புளித்திருக்கிறதா, பூஞ்சணமா, கந்தகமா என்று மணந்து பார்த்துச் சோக்கட்டியால் அடையாளம் போடுவேன். இன்றுவரை ஒரு சொட்டும் என் நாக்கில் பட்டதில்லை. ஆனால் அந்தச் சாமான் எப்படி உருவாகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை உனக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் நான் பிறகு சொல்லப்போவது உனக்கு விளங்காது.

தானியத்தை அரைத்து அவித்து நொதிக்க விடுவார்கள். அந்த நேரத்தில் அது அப்பத்துக்குப் புளிக்கவைத்த மாவைப்போல மணக்கும், அதில் எனக்கு ஒரு அருவருப்பும் வந்ததில்லை. பிறகு காய்ச்சி வடிப்பார்கள். முதலில் வடிந்து வருவது மூக்கைக் குத்தும், அதை ஒதுக்கிவிடுவார்கள். கடைசியாக வருவது நனைந்த நாய்போல நாறும், அதையும் ஒதுக்கிவிடுவார்கள். நடுவில் வருவதை மட்டும் எடுப்பார்கள். அது பச்சைத் தண்ணீர்போல நிறமில்லாமல் இருக்கும். விஸ்கி என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகுதான் அதை ஓக் மரப் பீப்பாயில் ஊற்றுவார்கள். பீப்பாயின் உட்பக்கம் நெருப்பால் சுட்டுக் கரியாக்கியிருக்கும். கோடையில் விஸ்கி வீங்கி அந்தக் கரிக்குள்ளும் மரத்துக்குள்ளும் ஏறும், பனிக்காலத்தில் சுருங்கித் திரும்பி வரும். ஒவ்வொரு வருடமும் இப்படிப் போய்வந்துதான் அந்தத் தேன் நிறமும், வனிலா மணமும், கொஞ்சம் புகையும், கொஞ்சம் கசப்பும் அதற்குக் கிடைக்கின்றன. ஒரு பங்கு காற்றோடு போய்விடும். அந்த ஆவி பட்டுக் களஞ்சியத்தின் சுவரெல்லாம் கறுத்துக் கிடக்கும். மூன்று வருடமாவது மரத்துக்குள் கிடக்காததை விஸ்கி என்று விற்கக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். போத்தலில் அடைத்தபிறகு அதற்கு வயது ஏறாது. பத்து வருடம் அலுமாரியில் வைத்தாலும் அடைத்த அன்று இருந்ததுதான் இருக்கும். இதெல்லாம் லீஸ் எனக்குச் சொல்லித் தந்ததில் பாதி, என் மூக்கு கண்டுபிடித்ததில் பாதி. குடியை நான் இன்றும் வெறுக்கிறேன், ஆனால் அந்தக் களஞ்சியத்தில் பொய் இல்லை. இருட்டில் பேசாமல் கிடந்து அந்தச் சாமான் தன் குணத்தைத் தானே தேடிக்கொண்டது. அதை நான் மதித்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பெரியப்பா தன் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு செய்தார். வில்லரேப் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம், ஆனி மாதம். நீ பரீட்சை என்று வரவில்லை. வீடியோவில் பார்த்திருப்பாய், பல்லக்கு, பூமாரி, புகைமெசின் எல்லாம். வீடியோவில் வராதது அந்த மண்டபத்தின் பின்பக்கம். மேடைக்குக் கிட்ட இருந்த மேசையில் கோயில் நிர்வாகசபைக்காரர், ஒரு மெட்ராஸ் டொக்டர், வீட்டுச் சொந்தக்காரப் பிரெஞ்சுக்காரர் எல்லாரும் இருந்தார்கள். குசினிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் பொடியங்கள். துறைமுகத்தில் கொண்டெய்னர் ஏற்றி இறக்குகிறவர்கள், உணவகங்களில் கோப்பை கழுவுகிறவர்கள், இன்னும் அகதிக் கேஸ் முடியாமல் இருக்கிறவர்கள். இரண்டு மேசையிலும் ஒரே விதமான ஸ்கொட்ச் போத்தல்தான் இருந்தது. பொன் எழுத்துப் போட்ட, நம் ஆட்கள் வெறும் போத்தலைக்கூட எறியாமல் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைக்கிற அந்தப் போத்தல்.

பின்மேசையில் மகேந்திரன் இருந்தார். உனக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் தனியாக இருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு சாப்பிட்டவர். உனக்குக் கார் ஓட்டப் பழக்கியவர். துறைமுகத்தில் லொறி ஓட்டி, நித்திரை முழித்த கண்ணோடு வந்தும் உன்னை வெறும் வாகனத் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அவர் இந்த நாட்டில் வந்திறங்கியபோது முதலில் படுக்க இடம் கொடுத்தவர் பெரியப்பா. அகதிக் கேஸில் அவர் கொடுத்த விலாசமும் பெரியப்பா வீட்டு விலாசம்தான். அந்த நன்றி அவருக்குக் கழுத்தில் கட்டிய கயிறுபோல இருந்தது.

நான் பருப்புச் சட்டி எடுக்கக் குசினிக்குள் போனேன். பின்மேசைக்குக் கொண்டுபோக ஊற்றிவைத்த பிளாஸ்டிக் கோப்பைகள் ஒரு தட்டில் இருந்தன. என் மூக்கு என்னைக் கேட்காமலே வேலை செய்யும் என்று உனக்குத் தெரியும். எரித்த சீனி. கேக்குக்கு விடுகிற வனிலா எசன்ஸ். அதற்கு அடியில், பெயின்ற் கரைக்கிற சாமான்போல ஒரு வெறும் எரிவு. தானியம் இல்லை, புகை இல்லை, மரம் இல்லை. ஒரு நாளாவது பீப்பாயைக் கண்ணால் கண்ட சாமான் இல்லை அது. தம்பி, நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது நஞ்சு என்று எனக்குத் தெரியாது. அந்த நஞ்சுக்குத் தனியாக ஒரு மணம் கிடையாது. அது பொய் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

நேரே பெரியப்பாவிடம் போனேன். மேடைக்குப் பக்கத்தில் ஆட்களோடு நின்றார்.

"அத்தான், பின்மேசைக்குப் போற போத்தல் சரியில்லை. அது விஸ்கி இல்லை. குடுக்க வேண்டாம்."

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியளே, இப்ப எங்கடை வீட்டுப் பொம்பிளையளும் விஸ்கி மணந்து பாக்கினம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நகரவில்லை. அவர் என்னைக் கொஞ்சம் ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தங்கச்சி, உவங்களுக்கு உது காணும். உவங்களுக்கு வித்தியாசம் தெரியுமே?"

அந்த வார்த்தையை நான் இன்னும் விழுங்கவில்லை. வெறும் போத்தல்களைச் சேர்த்துவைத்து, துறைமுகப் பக்கத்தில் யாரோ ஒருவன் கராஜில் கலந்து பிளாஸ்டிக் கானில் விற்றதை அதற்குள் ஊற்றி, மூடியைத் திருப்பி முறுக்கியிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். நல்லது முன்மேசைக்கு, இது பின்மேசைக்கு. யார் எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார். வாசலில் நின்று ஒவ்வொரு பொடியனின் கையையும் பிடித்து "வாரும், வாரும்" என்று பன்னீர் தெளித்து உள்ளே விட்டவரும் இவர்தான்.

நான் பின்மேசைக்குப் போய், "தம்பியவை, உதைக் குடியாதேங்கோ, உது நல்ல சாமான் இல்லை" என்றேன். என் முகத்தைப் பார்த்துப் பொடியங்கள் கோப்பையை வைத்துவிட்டு பியருக்கு மாறினார்கள். அதைப் பெரியப்பா மேடைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேரே வந்தார். போத்தலைக் கையில் எடுத்து, மகேந்திரனின் தோளில் மற்றக் கையைப் போட்டுக்கொண்டு, "என்ன மகேந்திரன், நீருமோ? என்ரை கையாலை ஊத்தினாலும் குடியீரோ?" என்றார்.

மகேந்திரன் என்னைப் பார்த்தார். "அக்கா, அண்ணை தாறது. மறுத்தால் மரியாதை இல்லை" என்றார். குடித்தார். பெரியப்பா திரும்ப ஊற்றினார். அந்தப் போத்தல் முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். மகேந்திரன்மேல் இருந்த அன்பில் அவர் நிற்கவில்லை. ஒரு பொம்பிளை சொன்னதை நாலுபேருக்கு முன்னால் பொய்யாக்குவதற்காக நின்றார். உன் அப்பா வந்து, "அண்ணை, காணும், விடுங்கோ" என்று போத்தலைப் பிடித்தார். "நீ போய்ப் பந்தியைப் பார்" என்று பெரியப்பா தம்பியாரைத் தள்ளிவிட்டார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மகேந்திரன் சாப்பாட்டுக்கு வர நேரம் சென்றது. நான் கதவைத் திறந்தபோது, படிக்கட்டின் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ராத்திரி சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்ததாம், தலை இடிக்கிறதாம். உள்ளே வந்து இருந்தவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "அக்கா, வெளியிலை பனி கொட்டுதோ?" என்று கேட்டார்.

நான் ஜன்னலால் பார்த்தேன். வெய்யில் கொளுத்திக்கொண்டிருந்தது. கீழே பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஆனி மாசம் மகேந்திரன். பனி இல்லை."

"எல்லாம் வெள்ளையாக் கிடக்குது அக்கா. உங்கடை முகமும் தெரியேல்லை. பனிக்குள்ளாலை பாக்கிற மாதிரிக் கிடக்குது."

உன் அப்பா ஆம்புலன்சுக்கு அடித்தார். ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் சின்னப் பெண். அவளிடம் என்னுடைய உடைந்த பிரெஞ்சில், நான் விஸ்கித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், இவர் நேற்றுக் குடித்தது விஸ்கி அல்ல, விஸ்கிபோல நிறம் தீட்டிய ஏதோ ஒன்று என்று சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் வீணாகக் கேட்கவில்லை. இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிவிட்டு, மகேந்திரனின் கைநரம்பில் ஊசி ஏற்றினாள். அந்த ஊசிக் குழாயால் இறங்கியது என்ன என்று நினைக்கிறாய்? மதுசாரம். சுத்தமான, நல்ல மதுசாரம். கலப்படத்தில் இருந்தது மெதனோல் என்று பிறகு சொன்னார்கள். அது உடம்புக்குள் உடைந்துதான் கண் நரம்பைத் தின்னும். நல்ல மதுசாரம் உள்ளே இருந்தால் ஈரல் முதலில் அதைத்தான் கையில் எடுக்கும், கெட்டது உடையாமல் காத்திருக்கும், அதற்குள் இரத்தத்தை மெசினால் கழுவி அதை வெளியே எடுத்துவிடலாம் என்று அந்தப் பெண் எனக்கு மெதுவாக விளங்கப்படுத்தினாள். நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு சொட்டும் இறங்குவதைப் பார்த்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுவதும் அருவருத்த ஒன்றுக்காக நான் கும்பிட்ட நாள் அது.

உயிர் தப்பியது. பார்வை வரவில்லை. ஓரங்களில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். நேரே பார்த்தால் அந்தப் பனிதான். கோப்பையை வைத்துவிட்ட பொடியங்களில், அதற்குமுன் கொஞ்சம் குடித்திருந்த இரண்டுபேர் வயிற்று நோவோடு தப்பினார்கள்.

பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு அப்பிளும் ஹோர்லிக்சும் கொண்டு வந்தார். வாசலிலேயே கண்ணீர். தாதிமாருக்கும் வந்திருந்த ஆட்களுக்கும் கேட்கும்படி, "நான் எத்தினை தரம் சொன்னனான், சலரோகத்தைக் கவனி எண்டு. கேட்டவரே? இப்ப கண்ணிலை கொண்டுபோய் விட்டிட்டுது" என்றார். உனக்கும் அந்தக் கதையைத்தான் சொல்லிவைத்தோம். மகேந்திரனுக்கு நீரிழிவே இல்லை. ஆனால் பெரியப்பாவின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "ஓம் அண்ணை" என்றார். அந்த "ஓம் அண்ணை"யைக் கேட்டபோது எனக்கு அந்த அறையில் நிற்க ஏலவில்லை. வெளியே போய் நடைவழியில் நின்றேன்.

பெரியப்பா போனபிறகு கேட்டேன். "ஏன் மகேந்திரன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"என்ரை கேஸ் கிடக்குது அக்கா. அண்ணை வீட்டு விலாசம்தானே அதிலை. பொலிஸ், விசாரணை எண்டு வந்தால் என்னையும் சேத்து அனுப்பிப்போடுவாங்கள். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. தம்பிக்கும் வேண்டாம். படிக்கிற பிள்ளை." அவர் தலையில் அடித்துச் சத்தியம் கேட்காத குறை; பொலிசுக்கும் உனக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். டொக்டர் கேட்டதற்கும், துறைமுகத்தில் முன்பின் தெரியாத ஒருவனிடம் வாங்கினேன் என்று சொல்லிவிட்டார்.

பொலிசுக்குப் போகாவிட்டாலும், நம் ஆட்களிடமாவது நியாயம் கேட்கலாம் என்று நான் போனேன். முன்மேசையில் இருந்த நிர்வாகசபைக்காரர் ஒருவர் வாசல்படியில் வைத்தே, "தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. இதை வெளியிலை கதைச்சால் எங்கடை சமூகத்தின்ரை பேர்தான் கெட்டுப்போம்" என்றார். மெட்ராஸ் டொக்டரைக் கோயில் வாசலில் கண்டேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "எனக்கு ஒண்ணும் ஆகலீங்க. நான் சாப்பிட்டது ஒரிஜினல்தான், ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தான் குடித்தது நன்றாக இருந்தது என்பதுதான் அவருக்கு அந்த விஷயம் முழுவதும். அதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. பெரியப்பாவுக்கு அது நஞ்சு என்று தெரியாது, அதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த மண்டபத்தில் இரண்டு மேசை இருந்தது எல்லோருக்கும் தெரியும். பின்மேசை ஒன்று இருந்தபடியால்தான் நாங்கள் முன்மேசை என்று அங்கே இருந்தவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு சுகம்.

உன் அப்பா ஒரு மேடையிலும் ஏறிக் கதைக்கத் தெரியாதவர். அண்ணருக்கு முன்னால் குரல் எழும்பாது. ஆனால் அதற்குப் பிறகு அண்ணர் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை, அந்த வீட்டில் இருந்து வந்த ஒரு பலகாரத்தைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்மாடிக்கு ஏறிப்போய் மகேந்திரனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, சாப்பாடு முடிய ஜாரி பூங்காவைச் சுற்றி நடத்திக் கூட்டிக்கொண்டு போவார். இரண்டுபேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஐஸ் மழை கொட்டி நகரமே இருண்டு கிடந்த அந்தத் தை மாதத்துக்குப் பிறகு, இளவேனிலில் உன் அப்பாவின் நெஞ்சு நின்றபோது, செத்தவீட்டில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவர் பெரியப்பா. நீ அவருடைய தோளில் சாய்ந்து அழுதாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோளைத் தொட்ட உன் கன்னத்தைத் துடைத்துவிட வேண்டும்போல் இருந்தது. மகேந்திரனுக்குக் கொடுத்த வாக்குக்காக வாயைத் திறக்கவில்லை.

நீ தொலைபேசியில் கதைத்த அடுத்த நாள் நான் மேல்மாடிக்குப் போனேன். மகேந்திரனின் கேஸ் எப்போதோ முடிந்து அவர் இப்போது இந்த நாட்டுக் குடிமகன், உனக்கும் தெரியும். "தம்பியின்ரை கலியாணத்திலை ஆர் மணவறையிலை நிக்கப்போகினம் தெரியுமோ?" என்று சொன்னேன். அவர் கையால் தடவி எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு, "சொல்லுங்கோ அக்கா. அவர் இனிப் பிள்ளை இல்லை. தெரிஞ்சுகொண்டு செய்யட்டும்" என்றார். அந்த அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு இன்னொன்றும் செய்தேன். பெரியப்பாவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். உன் அப்பா செத்தபிறகு நானாக அந்த வீட்டுக்கு எடுத்த முதல் கோல். நீங்கள் நிற்க வேண்டாம் அத்தான், விஸ்கியும் வேண்டாம் என்று நேரே சொன்னேன். முதலில் கோபப்பட்டார். "தங்கச்சி, உம்மடை குடும்பத்தை இஞ்சை கூப்பிட்டது ஆர்? நான் இல்லாட்டில் உம்மடை மகன் இண்டைக்கு எங்கை நிண்டிருப்பான்?" என்றார். அது உண்மை. அவர் கூப்பிட்டிராவிட்டால் நாம் வந்திருக்கமாட்டோம். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை, மறக்கவும் இல்லை, உனக்கும் மறக்கச் சொல்லமாட்டேன். பிறகு அவர் குரலை மாற்றினார். சின்னப்பிள்ளையைத் தேற்றுவதுபோல், "நீர் அதை யோசிக்கிறீர்போல. பயப்பிடாதையும். இந்த முறை எல்லா மேசைக்கும் ஒரே சாமான்தான்" என்றார்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இத்தனை வருடமாக எனக்கு உள்ளே ஒரு சின்ன ஐயம் இருந்தது, ஒருவேளை அவர் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருப்பார், வெளியே சொல்லத் தெரியாமல் இருப்பார் என்று. அது போய்விட்டது. ஒரு மனிதனின் கண்ணைப் பறித்த விஷயம் அவருக்கு, பந்தியில் யாருக்கோ வடை போதாமல் போனதுபோல ஒரு குறை. அடுத்தமுறை சரிபண்ணிவிடலாம்.

முன்பு ஒருமுறை நீ சொன்னாயே, "பெரியப்பாவோடை உங்களுக்கு ஏதோ பழைய கதை, விடுங்கோ அம்மா" என்று. பழையதாகிவிட்டால் எல்லாம் பதப்படும் என்று நினைக்காதே. அவர் செய்தது மூடியை முறுக்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறது.

குடிக்காதே என்று நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லிக் கேட்கிற வயது உனக்குப் போய்விட்டது, நீயும் உன் நண்பர்களும் எப்போதாவது ஒரு கிளாஸ் எடுப்பது எனக்குத் தெரியாததும் இல்லை. என் மூக்கை நீ ஏமாற்ற முடியாது. நீ கைப்பிடிக்கப்போகிற சுகந்தி நல்ல பிள்ளை, உன்னைவிடக் கொஞ்சம் தைரியம் கூடின பிள்ளை. இந்தக் கதையை அவளுக்குச் சொல். பாதியை மறைத்துச் சொல்லாதே. நீங்கள் இரண்டுபேரும் கட்டப்போகிற வீட்டில் விருந்துக்கு வருகிறவன் டொக்டராக இருந்தாலும் கோப்பை கழுவுகிறவனாக இருந்தாலும் ஒரே சட்டியில் இருந்து அள்ளிப் போடு. ஒருவன் மறுக்க முடியாத இடத்தில் நிற்கிறான் என்று தெரிந்தால், அவனுடைய கோப்பையில் திரும்ப ஊற்றாதே. நன்றிக்கடன் உள்ளவனை அதிகம் வற்புறுத்துவது பெரிய பாவம் தம்பி. அவனால் வேண்டாம் என்று சொல்ல ஏலாது.

நேற்று உருத்திரன் மாமாவின் மகள் என்னைக் காரில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஐயர் கல்யாண விபரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண் பக்கத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை பக்கத்துக்கு வந்தபோது, "தாய் தகப்பன் இடத்திலை ஆர் நிக்கினம்?" என்று கேட்டார்.

"நான் நிப்பன் ஐயா."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். திட்டவில்லை, நல்ல மனிதர். "வழமையிலை, தகப்பன்ரை தமையன் இருந்தால்..." என்று இழுத்தார்.

"தமையன் இருக்கிறார். அவர் நிக்கமாட்டார். தகப்பன் செத்துப்போனார் எண்டதுக்காக அந்த இடம் சும்மா கிடக்குது எண்டு இல்லை, ஐயா. அவருக்காகவும் நானே நிப்பன். எனக்குப் பக்கத்திலை கண் தெரியாத ஒருத்தர் நிப்பார். அவரைக் கையிலை பிடிச்சு ஏத்த ஒரு படி போட்டுத் தந்தால் காணும்."

ஐயர் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். "சாத்திரத்திலை தாய் நிக்கக்கூடாது எண்டு நான் படிச்சதில்லை அம்மா. ஊர்தான் சொல்லும்" என்றார். பிறகு, "தம்பி இதுக்குச் சம்மதமோ?" என்று கேட்டார்.

"அவனைக் கேக்கேல்லை, ஐயா. சொல்லப்போறன்" என்றேன்.

சொல்லிவிட்டேன்.

அம்மா